ஆள் இல்லை

புயல் வருகிறது என்று கேட்டால் ஊரில் எல்லாரும் ஜன்னலைச் சாத்துவார்கள். பறவை பார்க்கிற நாங்கள் மழைக்கோட்டைத் தேடுவோம். எங்களைத் திருத்த முடியாது என்று என் தங்கை சொல்லுவாள், அது உண்மைதான். கரைப்பக்கம் எட்டியே பார்க்காத கடற்பறவைகள்கூடப் புயல்காற்றில் அடிபட்டு உள்நாட்டு நீர்நிலைகளில் வந்து விழும். வருஷத்துக்கு ஒருநாள் கிடைத்தால் அதிகம். அப்படித்தான் அந்த ஐப்பசிக் காலையில், புயல் மாலைக்குள் கரையேறிவிடும் என்று ரேடியோ கத்திக்கொண்டிருக்க, நான் கோரைப்படுகையின் கரைமேல் தொலைநோக்கியை ஊன்றிக்கொண்டு நின்றேன்.

கோரைப்படுகை கோடையில் வெறும் புல்வெளி. ஐப்பசி பிறந்தால் முழங்கால் தண்ணீர், நடுவில் நாலைந்து திட்டு, சுற்றிலும் ஆளுயரக் கோரை. ஆற்றில் வெள்ளம் மிஞ்சினால் கதவணையின் வடபக்க ஷட்டர்களைத் தூக்கி, தண்ணீரை இந்தப் படுகை வழியாகக் கடலுக்குத் தள்ளுவார்கள். அப்படித் தள்ளினால்தான் தென்கரை ஊர்கள் பிழைக்கும். படுகை வெள்ளத்துக்கென்றே விட்ட நிலம், அங்கே யாரும் இருக்கக்கூடாது என்பது சட்டம்.

நத்தைகுத்தி நாரைகள் முந்நூறு, காற்றுக்கு முதுகைக் காட்டி ஒற்றைக்காலில் நின்றன. அரிவாள்மூக்கன் எழுபது. அவற்றுக்கு அப்பால், படுகைக்குச் சம்பந்தமே இல்லாத கறுப்பு ஆலா ஒன்று, இறக்கை கிழிந்த மாதிரித் தடுமாறிப் பறந்தது. இந்தப் பக்கத்தில் அதைப் பார்த்தவர்கள் இரண்டே பேர். மூன்றாவது ஆள் நான் என்று மனசு துள்ளியது.

"பறவைம்மா!" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. லஸ்கர் சிங்காரவேலு. ஷட்டர் தூக்கி இறக்குவது அவர் வேலை, என்னைக் கேலி செய்வது உபதொழில். "பதினொண்ணரைக்கு வடக்கு ஷட்டர் ஆறும் தூக்குறாங்க. கரையோட சேத்து உங்களையும் அடிச்சிட்டுப் போனா, உங்களை எந்தக் கணக்குல எழுதுறது? கொக்குலயா, நாரையிலயா?"

"அஞ்சு நிமிஷம் சிங்காரவேலு. எண்ணி முடிச்சிடுறேன்."

காற்று சற்று அடங்கியபோதுதான் அது கேட்டது. வடகிழக்கே, ஒரு கிலோமீட்டர் தள்ளி, ஆள்காட்டிக் குருவியின் கத்தல். ஒன்றல்ல, ஜோடி. 'டிட்டிட்டீ' என்று வயிற்றில் அடித்துக்கொள்கிற மாதிரியான அந்தக் குரலைக் கேட்காத தமிழன் கிடையாது. வயல்வெளியில் ஆள் நடந்தால் தலைக்குமேல் வட்டமிட்டு ஊருக்கே சொல்லிவிடும். பெயரே அதனால்தான்.

அதைக் கேட்டதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? முப்பது வருஷப் பழக்கத்தில், கேட்காத மாதிரி ஆலாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பறவை எண்ணப் போகிறவர்களுக்கு ஆள்காட்டி ஒரு தொல்லை. நாம் உள்ளே நுழைந்ததும் நம்மைப் பார்த்துத்தான் கத்தும். ஒரே பறவை நம்மோடு கூடவே வந்து பத்து இடத்தில் கத்தும். புதிதாக வருகிறவர் அதைப் பத்து என்று எழுதிக்கொண்டு வந்து நிற்பார், மற்றவர்கள் சிரிப்போம். அதனால் எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. 'நம்மால் வந்த கத்தல்' என்று பெயர் வைத்து, அதைக் கணக்கிலிருந்து தள்ளிவிடுவோம்.

ஆனால் இப்போது என்னால் வந்த கத்தல் இல்லை அது. நான் ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்கிறேன். என்னைப் பார்த்துக் கத்தவில்லை என்றால் வேறு யாரைப் பார்த்து?

தொலைநோக்கியைத் திருப்பினேன். பெரிய திட்டின் மேல் இரண்டு பறவைகள். மழையில் கரைந்து கரைந்து தெரிந்தன. ஒரே இடத்தின் மேல் சுற்றிச் சுற்றி வந்தன. கீழே கோரை மட்டும் அசைந்தது. அது காற்றில் அசைந்ததா, ஆள் அசைத்ததா என்று சொல்ல முடியவில்லை.

"சிங்காரவேலு, திட்டுல யாரோ இருக்காங்க."

"யாரும் இல்லம்மா. மெஷினு பாத்துருச்சு. ஆள் இல்லைன்னு பச்சை காட்டிருச்சு."

கறுப்பு ஆலாவை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

கதவணை அலுவலகத்தில் உதவிப் பொறியாளர் அன்வர்தீன் இரண்டு போனில் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார். வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. தென்கரையில் இரண்டு இடத்தில் கசிவு. மணல் மூட்டை போதவில்லை. ஒன்பதாயிரம் வீடுகள். சுவரில் இருந்த பெரிய திரையில் படுகையின் படம், அதில் படுகையில் நட்ட கம்பத்துக்கு ஒன்றாக முப்பத்தொரு பச்சைப் புள்ளி, கீழே கொட்டை எழுத்தில் 'ஆள் இல்லை'.

"மேடம், இப்ப பறவைக் கதை கேக்க நேரமில்லை" என்றார் போனை மூடிக்கொண்டு.

"திட்டுல ஆள் இருக்கு. பதினேழாம் கம்பத்துக்குப் பக்கத்துல."

"பதினேழு பச்சையில இருக்கு. பாருங்க."

"அந்தக் கம்பம் எல்லாம் எதுக்கு நட்டதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"ஆள் இருக்கான்னு கேக்கத்தான். இந்தக் காத்துல ட்ரோன் பறக்காது. மழையில சூடு பாக்குற கேமரா குருடு. அதனால மைக். இருமினா, பேசினா, நடந்தா கண்டுபிடிச்சிடும்."

"அதெல்லாம் அப்புறம் வந்தது. முதல்ல அது பறவை எண்ணுறதுக்கு நட்டது, தம்பி. எங்க சங்கம் நட்டது. எந்தச் சத்தம் எந்தப் பறவைன்னு அந்த மெஷினுக்குச் சொல்லிக்குடுத்ததே நாங்கதான். நானும் இன்னும் நாலு பேரும் ஒண்ணரை வருஷம் உக்காந்து கேட்டோம். உங்க துறை அதை அப்படியே வாங்கி, மேல மனுஷச் சத்தத்தையும் சேத்துக்கிச்சு. பதினேழாம் கம்பத்துல வடிகட்டாத சத்தத்தைக் கொஞ்சம் போடுங்க. ஒரே ஒரு நிமிஷம்."

அவர் என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு விசையைத் தட்டினார்.

மழையின் இரைச்சல். தவளை. அதற்கெல்லாம் மேலே, காதைக் கிழித்துக்கொண்டு ஆள்காட்டி. மூச்சு விடாமல் கத்தியது. திரையின் ஓரத்தில் அந்தக் கத்தல் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரே சொல் விழுந்துகொண்டே வந்தது: நீக்கு, நீக்கு, நீக்கு.

"ஏன் நீக்குது?" என்றார் அன்வர்தீன்.

விதிப்பட்டியலைத் திறந்தார். நான்காவது விதி. 'ஆள்காட்டியின் எச்சரிக்கைக் கத்தல், கணக்கெடுப்பவரால் எழுவது. அந்த நொடியை முழுதும் நீக்குக.' பக்கத்தில் க.வே. என்று இருந்தது. கமலவேணி. நான்தான்.

மனிதர் வந்தால் ஊருக்கே சொல்லுகிற ஒரு வாயை, மனிதரைத் தேடுகிற மெஷினில் நானே கட்டிவைத்திருக்கிறேன். வெட்கத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது.

"நாய்க்கும் கத்தும்ல மேடம்? பாம்புக்கும் கத்தும்ல?"

"பாம்புன்னா இறங்கி இறங்கி அடிக்கும். பருந்துன்னா துரத்திட்டு வந்துடும். இப்ப குஞ்சு பொரிக்கிற காலமும் இல்ல, நாய்க்கு இவ்வளவு நேரம் மல்லுக்கட்ட. இது தலைக்கு மேலயே நிக்குது. ஆள்தான்."

"ஒரு குருவி சொல்லுச்சு, அதனால நிறுத்தினேன்னு மேல எழுதவா?" குரல் உயர்ந்துவிட்டது. "தென்கரை உடைஞ்சா நான் என்ன பதில் சொல்றது? அங்க இருக்குறது ஒண்ணு ரெண்டு உசுரு இல்ல."

அவர் சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பில்லை. தென்கரையில் என் தங்கையும் இருக்கிறாள்.

அன்வர்தீன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். போனை எடுத்தார். "தென்கரையில இன்னும் இருபது நிமிஷம் தாங்குமா? ஏதாச்சும் பண்ணித் தாங்க வையுங்க. சாக்கு இல்லைன்னா கதவைக் கழட்டிப் போடுங்க." வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக் கத்தினார். "சிங்காரவேலு! ஃபைபர் போட்டை எடுங்க. பதினொண்ணு அம்பதுக்கு நான் தூக்கிடுவேன். நீங்க தண்ணியில இருந்தாலும் தூக்கிடுவேன். தெரிஞ்சுக்கிட்டுப் போங்க."

"தெரியாம என்ன சார்" என்று சிங்காரவேலு இறங்கிப் போனார்.

அந்த இருபது நிமிஷம் நாங்கள் இரண்டு பேரும் திரையைப் பார்க்கவில்லை. பதினேழாம் கம்பத்தின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம். போட்டின் மோட்டார் நெருங்கியது. ஆள்காட்டியின் கத்தல் இரண்டு பங்கானது. பிறகு கத்தல் ஒரு கணம் நின்ற இடைவெளியில் சிங்காரவேலுவின் குரல்: "ஏ, யாரும்மா அது? எந்திரி, எந்திரி! வாத்தை வுடு, நீ ஏறு!" நிமிர்ந்து பார்த்தோம், அப்போதுதான் பதினேழாம் புள்ளி சிவப்பானது. நாங்கள் கண்டுபிடித்த பிறகு மெஷினும் கண்டுபிடித்தது.

பதினொன்று நாற்பத்தெட்டுக்குப் போட் கரையைத் தொட்டது. ஐம்பதுக்கு ஷட்டர் எழுந்தது. தென்கரையில் ஒரு தெருவுக்குள் மட்டும் தண்ணீர் புகுந்தது, உயிருக்குச் சேதமில்லை என்று பிறகு தெரிந்தது. நாரைகள் மொத்தமாக எழுந்து மேற்கே போயின. நான் எண்ணவில்லை.

வந்தவள் பெயர் வள்ளிக்கண்ணு. நாற்பது வயது இருக்கும். வாத்து மேய்க்கிறவள். அறுப்பு முடிந்த வயல் வயலாக வாத்து ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்கள். எந்த ஊர் வெள்ளப் பட்டியலிலும் அவர்கள் பெயர் இருக்காது. மடியில் இரண்டு வாத்துகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அலுவலக நாற்காலியில் நடுங்கிக்கொண்டிருந்தாள். மற்ற முந்நூறு வாத்தும் வெள்ளத்தோடு போய்விட்டன.

"தண்ணி ஏறுது, நீ பாட்டுக்குச் சும்மா உக்காந்திருக்கியே, கத்தக் கூடாதாம்மா?" என்றார் அன்வர்தீன். கோபமும் ஆறுதலும் கலந்து வந்தது.

அவள் திரையைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். மிகத் தணிந்த குரலில் சொன்னாள். "கம்பத்துக்குக் காது இருக்குல்லங்க. பேசுனா ஆளு வந்து வாத்தப் புடிச்சிட்டுப் போயிடுவாங்க. படுகையில மேய்க்கக் கூடாதாம். அதனால உள்ள போனா நாங்க பேசிக்கிறதே இல்லீங்க. வாத்தக்கூட வாயால கூப்புட மாட்டோம், குச்சிய ஆட்டித்தான் ஓட்டுறது. பழகிப்போச்சு. இன்னிக்குத் தண்ணி வந்தப்போ கத்தணும்னுதான் பாத்தேன். வாயி வரலீங்க."

நான் அவளுக்கு டீ ஊற்றிக் கொடுத்தேன். அவள் குடித்துக்கொண்டே, "எப்புடிக் கண்டுபுடிச்சீங்க?" என்றாள்.

"ஆள்காட்டி கத்துச்சு."

"ஆமாங்க. சனியன், சனியன்னு வஞ்சிக்கிட்டே இருந்தேன், காட்டிக்குடுக்குதேன்னு." டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்ப எங்க வூட்டுக்காரரு இருந்தப்பவும் கத்தியிருக்கும்ல?"

அன்வர்தீன் நிமிர்ந்தார்.

அவள் சொன்னதன் சுருக்கம் இதுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே ஐப்பசி. கணவன் காத்தமுத்து இதே திட்டில் வாத்தோடு இருந்தான். இவள் கூலிக்கு வேறு ஊரில். ஷட்டர் தூக்கினார்கள். அதற்குப் பிறகு அவன் வரவில்லை. இங்கே வந்து கேட்டபோது, மெஷினில் ஆள் இல்லை என்று பதிவாகியிருக்கிறது, அதனால் உன் புருஷன் அங்கே இருக்கவே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

"கேரளாவுக்கு எவகூடயோ ஓடிட்டான்னு சொன்னாங்க. மாமியாளே அதத்தான் சொல்லுது. நானும் ரெண்டு தடவ பாலக்காடு போயித் தேடுனேங்க. செத்தாருன்னு அழுவவும் இல்ல, உசுரோட இருக்காருன்னு சிரிக்கவும் இல்ல. ஓடிப்போயிட்டாருன்னு வஞ்சிக்கிட்டுதான் இருக்கேன், மூணு வருசமா."

அன்வர்தீன் என்னைத் தனியே வராந்தாவுக்குக் கூப்பிட்டார். வெளியே காற்று தகரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

"அந்த வருஷத்துச் சத்தமெல்லாம் இருக்குமா மேடம்?"

"மத்ததெல்லாம் தொண்ணூறு நாள்ல அழிஞ்சிடும். நீக்கின துண்டு மட்டும் இருக்கும். நான்தான் அழிக்காதீங்கன்னு கேட்டு வாங்கினேன். பின்னால ஆராய்ச்சிக்கு ஆகும்னு. ஒரு நாளும் திறந்து பார்க்கல."

"திறந்து, அதுல இருந்துச்சுன்னா, இந்த மெஷின் வந்ததிலேர்ந்து தூக்கின அத்தனை ஷட்டருக்கும் பதில் சொல்லணும். துறை மட்டும் இல்ல, நீங்களும் சொல்லணும்." மிரட்டலாகச் சொல்லவில்லை. எனக்காகக் கவலைப்பட்டுத்தான் சொன்னார். "இப்பவே வேணுமா? யோசிச்சுக்கலாமே."

நான் யோசித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒரு முழு நிமிஷம் யோசித்தேன். யாருக்கும் தெரியாமல் நான்காம் விதியை மட்டும் எடுத்துவிட்டுப் போனால் இனி ஆபத்தில்லை, என் பெயரும் தப்பிக்கும். பிறகு கதவு இடுக்கில் அவள் தெரிந்தாள். வாத்தின் இறக்கையைத் தன் ஈரச் சேலையால் துடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே போனேன்.

ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, நேரக்குறிப்பைப் பார்த்துத் தாண்டித் தாண்டி முதலில் நான் கேட்டேன். அந்த வருஷம், அந்தத் தேதி, பதினேழாம் கம்பம். இருந்தது. ஷட்டர் தூக்குவதற்கு நாற்பது நிமிஷம் முன்னாலிருந்து ஆள்காட்டி விடாமல் கத்தியிருக்கிறது. தண்ணீர் வந்ததும் நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. பதினேழில் நின்று பதினெட்டில் தொடங்கியது. அடுத்து இருபத்திரண்டு. அந்தப் பறவை அவனுக்கு மேலேயே, அவன் அடித்துக்கொண்டு போன வழியெல்லாம் கூடவே பறந்திருக்கிறது. கடைசியில் இருபத்தாறாம் கம்பம், முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு கருவேல மரம் நிற்கிற இடம். அங்கே மறுநாள் மத்தியானம் வரைக்கும் கத்தியிருக்கிறது.

ஒன்றே கால் நாள் அவன் அந்த மரத்தில் உயிரோடு இருந்திருக்கிறான். இங்கே திரை பச்சையாக இருந்திருக்கிறது.

வேறொன்றும் இருந்தது. விதி, கத்தலை மட்டும் நீக்கவில்லை, அந்த நொடியையே நீக்கியது. மரத்தில் இருந்தவன் வாயைத் திறக்கும்போதெல்லாம், பாவம், பறவை மிரண்டு எழுந்து கத்தியிருக்கிறது. கத்தியபோதெல்லாம் மெஷின் அந்த நொடியை வெட்டிப் போட்டிருக்கிறது. வெட்டிப் போட்ட துண்டுகளை வரிசையாக ஓட்டியபோது, ஆள்காட்டிக்கு அடியில் ஒரு மனிதக் குரல் கேட்டது. கம்பத்துக்குப் பக்கத்தில் வாயே திறக்காமல் பழகியவன், மரத்தில் ஏறிய பிறகு தொண்டை கிழியக் கூப்பிட்டிருக்கிறான். என்ன சொல்கிறான் என்று எனக்குப் புரியவில்லை.

நான் அவளுக்கு எதிரில் உட்கார்ந்தேன். சுற்றி வளைக்கவில்லை. "வள்ளிக்கண்ணு, உன் வீட்டுக்காரர் எங்கயும் ஓடல. இங்கதான் இருந்தாரு. குருவி சொல்லிக்கிட்டேதான் இருந்துச்சு. அதைக் கேக்க வேணாம்னு மெஷினுக்குச் சொல்லிக்குடுத்தது நான்."

அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவள் என் கையிலிருந்ததைப் பார்த்து, "அதுல அவரு பேசுறாரா?" என்று மட்டும் கேட்டாள்.

"குரல் இருக்கு. என்னன்னு தெரியல."

மாட்டிவிட்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அன்வர்தீன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். வாசலில் சிங்காரவேலு தலை துவட்டுவதை நிறுத்திவிட்டு நின்றார்.

முதலில் அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது நிமிஷமோ மூன்றாவது நிமிஷமோ, உதடு தன் பெயரையே சொல்வதுபோல அசையத் தொடங்கியது. பிறகு அவள், கம்பத்துக்குப் பயந்து பயந்து வாயைக் கட்டியே பழகியவள், மடியிலிருந்த வாத்துகள் அலறி எழும்படி, அந்தக் கட்டடம் முழுக்கக் கேட்கும்படிக் குரல் கொடுத்தாள்.

"இந்தா இருக்கேன்யா! இங்கதான் இருக்கேன்! இந்தா வர்றேன்!"